துணைக்குப் போனவள்

ஓசூர்,
18.9.1994

அன்புள்ள ஹேமா கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நாக்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு ஒழுங்காகத் தூங்கி எழுகிறாய் என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன். உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் இல்லையே என்று கோபமாக இருப்பாய். அப்பாவுக்கு இந்த மாதம் முழுக்க இரண்டாவது ஷிப்ட், கிணற்று மோட்டார் புகைந்துபோய் பக்கத்துத் தெருவில் தண்ணீர் தூக்கினேன், இப்படிச் சொல்லக் காரணம் நிறைய இருக்கிறது. நிஜம் அதுவல்ல. எழுத உட்கார்ந்தால் இதைத்தான் எழுத வேண்டிவரும் என்று தெரிந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நீ விடுமுறைக்கு வந்து வேறு யார் வாயிலாவது கேட்பதைவிட நான் சொல்வது மேல் என்று இப்போது தோன்றிவிட்டது.

சரசு சித்திக்கு ஏன் குழந்தை இல்லை என்பது போன தை மாதம்தான் எங்களுக்கே தெரிந்தது. பெங்களூரில் ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் குறை இல்லை, கருமுட்டை உருவாவதுதான் நின்றுபோயிருக்கிறது, முப்பது வயதிலேயே சிலருக்கு இப்படி ஆகும் என்றார். வேறொரு பெண்ணின் முட்டையை எடுத்து, தீர்த்தகிரி சித்தப்பாவின் அணுவோடு வெளியே சேர்த்து, கருவானதும் சித்தியின் வயிற்றில் வைக்கலாம், கூடப்பிறந்தவள் கொடுத்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னார். சரசு என்னிடம் கேட்கவே இல்லை. நம் அடுப்படியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டே, அவள் மாமியார் நஞ்சம்மா அத்தை சிங்காரப்பேட்டையில் தன் அண்ணன் மகளை சித்தப்பாவுக்கு இரண்டாவதாகப் பேசி வைத்திருப்பதையும், வரும் ஐப்பசி வரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டதையும் மட்டும் சொன்னாள். சொல்லும்போது பருப்பைக் குப்பை முறத்தில் எறிந்துவிட்டுத் தோலைப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது, என்னுடையதை எடுத்துக்கொள் என்று நானேதான் சொன்னேன். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பி.ஏ. பரீட்சை எழுதியவள், முப்பத்தேழு வயது, இனி எனக்கு அது எதற்கு என்று நினைத்தேன். அப்பா ஒரு வாரம் சாப்பாட்டைக் கம்பெனி கேண்டீனிலேயே முடித்துக்கொண்டார். பிறகு, உன் உடம்பு, உன் தங்கச்சி, நான் குறுக்க நிக்கல, ஆனா ஹேமாவுக்கு யாரு சொல்றது என்றார்.

அத்தைக்கு மட்டும் தெரியக் கூடாது என்று முடிவு செய்தோம். தெரிந்தால் இது எங்கள் வீட்டு மருமகள் பெற்றதே இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அதனால் வைத்தியம் சரசுவுக்கே என்று சொல்லி அவளை இங்கே அழைத்து வைத்துக்கொண்டேன். தினமும் சாயங்காலம் ஊசி. அப்பா கம்பெனியில் முதலுதவி அறையில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆன சாந்தம்மா வந்து, பொடியை மருந்துத் தண்ணீரில் கலந்து இடுப்பில் போடுவார். கன்னடமும் தமிழும் கலந்துதான் அவர் பேச்சு, பிகியா பிடிக்காதம்மா, லூஸ் பிடு, ஊசி உடைஞ்சா எனக்குத்தான் கெட்ட பேரு என்பார், உடம்பை இறுக்காமல் தளர்த்தி விடு என்று அர்த்தம். போட்ட இடம் கல் மாதிரி கட்டிக்கொள்ளும், ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். நாள் போகப் போக அடிவயிறு கனத்து உப்பி, புடவைக் கொசுவத்தைத் தொப்புளுக்கு மேலே ஏற்றிச் சொருக வேண்டியதாயிற்று. காரணமில்லாமல் அழுகை வரும், பால்காரனிடம் கூடச் சிடுசிடுப்பேன். முட்டைப்பை அளவுக்கு மேல் வீங்கினால் மூச்சு முட்டும், உடனே ஓடி வரணும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் படி ஏறி மூச்சு வாங்கினாலும் பயம். மருந்தை எதிர் வீட்டுப் பவளத்தின் பிரிட்ஜில் சர்க்கரை மருந்து என்று சொல்லி வைத்திருந்தேன். அந்த மதுரைக்காரியை ஏமாற்ற முடியுமா. என் வயிற்றைப் பார்த்துவிட்டு, சர்க்கரைக்கு வயிறு இம்புட்டா வரும், காலேஜ் படிக்கிற பிள்ளையத் தொட்டில் ஆட்ட வச்சுப்புட்டீகளேக்கா என்று சிரிக்கிறாள். சரசு அங்கேதான் நின்றாள், முகம் செத்துவிட்டது.

முட்டை எடுக்கிற நாளுக்கு முதல் நாள் நஞ்சம்மா அத்தை பாரூரிலிருந்து சித்தப்பாவோடு வந்து இறங்கிவிட்டார், மருமகளுக்கு ஆபரேஷன் என்றால் நான் இல்லாமலா என்று. மயக்க மருந்து கொடுப்பார்கள் என்பதால் நான் தண்ணீர் கூடக் குடிக்காமல் போக வேண்டும். அத்தை கணக்கில் பட்டினி சரசுவுக்கு. விடியற்காலையில் கிளம்பும்போது அத்தை கேழ்வரகுக் கூழைக் கரைத்து மோர் விட்டுச் செம்போடு வாசலில் நிற்கிறார். நல்ல காரியத்துக்குத் துணை போகிறவர் வயிறு நிறைந்துதான் வாசல் தாண்ட வேண்டும், அவர்கள் வீட்டில் அது மாற்ற முடியாத வழக்கம். பசிக்கவில்லை அத்தை, அப்புறம் என்றேன். கெடந்து சாவறவ அவ, நீ இன்னாத்துக்கு மூஞ்சிய சுண்டிக்கினு நிக்கிற, குடி, இல்லன்னா நானே தொணைக்கு வர்றன் என்று செருப்பைத் தேடினார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார், சரசு என் கையைக் கிள்ளினாள். அவர் கூட வந்தால் எல்லாமே உடைந்துவிடும். இரண்டு வாய் குடித்துவிட்டுச் செம்பைக் கொடுக்கலாம் என்று வாங்கினேன், முழுசும் முடிக்கும் வரை அவர் கண்ணை எடுக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஏறிய பஸ் அத்திப்பள்ளி தாண்டும்வரை சரசு என் வயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டர் முதலில் கேட்டதே, ஏதாவது சாப்பிட்டீர்களா என்பதுதான். இல்லை என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அப்புறம் உன் முகம் நினைவு வந்தது, உண்மையைச் சொன்னேன். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து, மயக்கம் தர முடியாது என்று போய்விட்டார். டாக்டரம்மாவுக்குக் கோபம், ஆனாலும் என் வயிற்றில் கை வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். கூழ் செரிக்கும்வரை காத்திருந்தால் முட்டைகள் தானாக வெடித்து வெளியே போய்விடலாம், இத்தனை நாள் ஊசியும் வீண். மரத்துப்போகவும் வலி குறையவும் ஊசி போட்டு விழிப்போடு எடுக்கலாம், நீங்கள் தாங்குகிற வரைக்கும் எடுக்கிறேன், போதும் என்றால் அந்த இடத்தில் நிறுத்திவிடுவேன் என்றார். சரசு சுவரோடு உட்கார்ந்து, வேணாங்கா, விட்டுடு, அந்தச் சிங்காரப்பேட்டப் பொண்ணே வரட்டும் என்று அழுதாள். அவள் அப்படிச் சொன்னதுதான் என்னைக் கட்டிலில் ஏற வைத்தது.

நீ பெரிய பெண், சொல்லலாம். ஸ்கேன் பெட்டியில் பார்த்துக்கொண்டே உள்வழியாக நீளமான ஊசியை விட்டு ஒவ்வொரு முட்டைப் பையாகக் குத்தி நீரை உறிஞ்சுவார்கள். மரத்துப்போகிற ஊசி மேலோடு சரி, உள்ளே குத்தும்போது முதுகுத்தண்டு வரை இழுக்கும். நீர் வந்த குழாயை ஜன்னல் வழியாக அடுத்த அறைக்குக் கொடுப்பார்கள், அங்கே ஒரு பெண் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, சிக்கிது என்பாள், கிடைத்துவிட்டது என்று அர்த்தம். சில தடவை இல்லா என்பாள். அந்த இல்லா தான் ஊசியைவிட வலித்தது. வலது பக்கம் முடிந்ததும் டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்து, நாலு கிடைத்திருக்கிறது, நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். நாலே போதும் என்றுதான் சொல்ல நினைத்தேன், எது எது கருவாகும் என்று யாருக்குத் தெரியும், இடது பக்கமும் எடுங்கள் என்றேன். நர்ஸின் கையில் என் நகம் பதிந்துவிட்டது, பாவம் அந்தப் பெண். மொத்தம் ஒன்பது. அதில் ஐந்து கருவாயிற்று, இரண்டு நாள் கழித்துப் போய் மூன்றை சித்தியின் வயிற்றில் வைத்தார்கள். இனி ரத்தப் பரிசோதனை வரை காத்திருப்பதுதான்.

அன்றைக்கு வீடு திரும்பியதும் அத்தை சரசுவைக் கட்டிலில் படுக்க வைத்துப் போர்த்திவிட்டார். துணைக்குப் போனவள் நான், களி கிண்ட அடுப்படிக்குப் போனேன். துடுப்பைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றியதும் வயிற்றைக் கொக்கி போட்டு இழுத்த மாதிரி இருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் அத்தை நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. துடுப்பை வாங்கிக்கொண்டு தானே கிண்டினார். கிண்டிக்கொண்டே, கத்தி போட்டவ எழுந்து ஒக்காந்து டீ கேக்கறா, தொணைக்குப் போனவ நிமிர முடியாம நிக்கிறா, எனக்குக் கண்ணு இருக்குது ரேணுகா என்றார். நான் தட்டை எடுத்து வைத்தேன். களியை உருட்டித் தட்டில் வைத்த பிறகுதான் மறுபடி பேசினார். புள்ள ஆச்சுன்னா நான் குருடி, ஒண்ணும் பாக்கல. ஆவலைன்னா எல்லாத்தையும் பேசுவன், உன் வூட்டுக்காரரையும் ஒக்கார வெச்சிப் பேசுவன் என்றார். என் கையில் ஒரு உருண்டையைக் கொடுத்து, போய்ப் படு என்று சொல்லிவிட்டுப் போனார். சரசுவிடம் இதை நான் சொல்லவில்லை, அவள் இப்போதே அடி எடுத்து வைக்கப் பயந்துகொண்டிருக்கிறாள். அப்பாவுக்குச் சொன்னேன், அவர் மறுபடி கேண்டீனில் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

என் உடம்பைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், வீக்கம் வடிந்துவிட்டது, தண்ணீர் தூக்க மட்டும் பவளம் விடுவதில்லை. பரிசோதனை முடிந்ததும் அப்பா உன் ஹாஸ்டலுக்கு போன் போடுவார், ஆகியிருந்தால் சித்தி நன்றாக இருக்கிறாள் என்பார், ஆகவில்லை என்றால் அம்மா பேசணுமாம் என்று போனை என்னிடம் தருவார். ஆகிவிட்டால், கண்ணு, உன்னிடம் கேட்பது ஒன்றுதான். சித்தி பிள்ளை உனக்கு எப்படியும் தம்பியோ தங்கையோதான், முறை ஒன்றும் மாறப் போவதில்லை. விடுமுறைக்கு வரும்போது பாரூருக்குப் போ, தூக்கு, கொஞ்சு, சித்தி பிள்ளைக்கு எவ்வளவு சந்தோஷப்படுவாயோ அவ்வளவு சந்தோஷப்படு. மூக்கு யார் மாதிரி, கண் யார் மாதிரி என்று யாராவது பேசினால் வேறு பேச்சுக்கு மாறிவிடு. என் முகத்தை மட்டும் அந்த நேரத்தில் பார்க்காதே.

இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள், வெறும் வயிற்றில் வேண்டாம். நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, உடம்பும் மனசும் கெடாமல் நூறு வயது இரு. பதிலில் சித்தியை எப்போதும் போல ஒரு வரி விசாரித்தால் போதும், அதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். நானும் அந்த ஒரு வரியோடு நிறுத்தத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா,
ரேணுகா மூர்த்தி