அந்த அறைக்கு யன்னல் இல்லை

பலெர்மோ
12.10.1998

அன்பு மகள் செலஸ்ரீனாவுக்கு,

இன்று வாய்வரை வந்தும் சொல்லாமல் விட்ட ஒன்றை உனக்கு எழுதத்தான் இருந்தேன், ஆனால் முதலில் உன் இருமல் விட்டதா என்று கேட்க வேண்டும். நானும் அப்பாவும் சுகம். மன்னாரில் மழை தொடங்கியிருக்கும், விடுதியில் ஈரத் தலையோடு படுக்காதே.

உன்னை இங்கே கூப்பிடுவதற்கு, உனக்கு அறை இருக்கிறதென்று காட்ட, விசாக் கந்தோரில் வீட்டின் வரைபடம் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா, மாசியில் உனக்குப் பதினெட்டு முடிய முன் எல்லாம் கொடுத்துவிட வேண்டும். நான் வேலை செய்யும் வீட்டு அமெரிக்கர் பெல்டன் முன்பு கட்டடக்கலைஞராக இருந்தவர், எண்பத்து மூன்று வயது, அவர் கீறித் தந்தால் இங்கே அதே தொழில் செய்யும் அவருடைய இத்தாலிய நண்பர் முத்திரை வைப்பார். அல்பெர்கேரியாப் பகுதியில் எங்களுடைய நாலாம் மாடிக்கு அவரால் ஏற முடியாது, ஆகவே நான் அளவுகளைச் சொல்லச் சொல்ல இன்று கீறினார். மகளின் அறைக்கு யன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டார். அது சாமான் போடும் அறையாக இருந்தது, நீலம் பூசியிருக்கிறேன், ஆனால் யன்னல் இல்லை. நான் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தெருப்பக்கமாக ஒரு யன்னலைத் தானே கீறியிருந்தார், யன்னல் இல்லாமல் அறை கட்டுவார்களா என்று சிரித்தார்.

பிறகு தன் கதையைச் சொன்னார். மேசன் வேலை செய்தவரின் மகன், கஷ்டப்பட்டுப் படித்தவர், பள்ளிக்கூடங்கள் கட்டினார், ஒரு நூலகம் கட்டினார், கடைசியாக ஓர் ஏரிக்கரை நகரத்தில் தொழிலாளர்களுக்குப் பதினொரு மாடிக் குடியிருப்பு. செலவைக் குறைக்க விறாந்தை யன்னல்களை எடுத்துவிடச் சொன்னார்களாம், அவரும் கையெழுத்து வைத்தார். கட்டி ஆறாம் வருடம் நெருப்புப் பிடித்து நாலுபேர் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். ஒருவரும் அவரைக் குற்றஞ்சாட்டவில்லை, அவரே தொழிலை விட்டுவிட்டு மனைவியின் ஊரான இங்கே வந்தார், அதன்பிறகு ஒரு கோழிக்கூடுகூடக் கட்டவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு கீறிய முதல் அறை இதுதான் என்று சொல்லி உன் அறையைக் காட்டினார். நான் அப்போதும் சொல்லவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். பேசாமல் இரும், முதல்ல பிள்ளை வரட்டும், யன்னலைப் பிறகு பாப்பம், உமக்கு எப்பவும் பாவசங்கீர்த்தனம்தான் என்கிறார். அவரிலும் பிழையில்லை, ஒன்பது வருடமாக உன்னைப் போட்டோவில்தானே பார்க்கிறார். எனக்கோ ஓரிடத்தில் இருக்க முடியவில்லை, அந்த நீலச் சுவரைப் போய்ப் போய்த் தொட்டுப் பார்க்கிறேன். கதவுக்கு மேலுள்ள இடைவெளியால் மட்டும்தான் காற்று வரும், நீ அங்கே கதவைச் சாத்திக்கொண்டு படுப்பாய்.

மடு மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்திருக்கட்டும். பிறப்புச் சான்றிதழைப் பதிவுத் தபாலில் அனுப்பு, மறந்துவிடாதே.

உன்னை நினைத்தபடி,
அம்மா புனிதமலர்

வெள்ளிக்கிழமை. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. செவ்வாய் காலையில் பெல்டனிடம் அந்த அறைக்கு யன்னல் இல்லை என்று சொன்னேன். அழிறப்பரை எடுத்து யன்னலை அழித்தார், பிறகு கையெழுத்து வைத்தார். இன்று கந்தோரில் படத்தைப் பார்த்துவிட்டு, யன்னல் இல்லாததை அறையாக எடுக்க மாட்டோம் என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.