பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

உன் டூல்பாக்ஸைத் திறந்ததும் முதலில் வந்தது ஹைட்ராலிக் எண்ணெய் வாசனைதான். விமானத்துக்கு ஊற்றுவோமே, சிவப்பாக, சட்டையில் பட்டால் எத்தனை தடவை துவைத்தாலும் போகாதே, அதே வாசனை. உன் மனைவி நேற்று அந்தப் பெட்டியை ஆட்டோவில் வைத்து, சேலையூரில் என் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். "இது காதருக்குத்தான், வேற யாரும் திறக்கக் கூடாதுன்னு கடைசியா சொன்னாருண்ணா" என்றாள். நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பூட்டைத் திறந்தேன்.

அடியில் மஞ்சள் பிளானல் துணியில் சுற்றி ஒரு சின்ன ரிங் ஸ்பேனர் இருந்தது. தண்டில் பொறித்திருந்த எண் பதினேழு. என் அழுகை அப்படியே நின்றுபோயிற்று.

"இத வச்சிதாண்ணா நம்ம பழைய ஸ்கூட்டர் கிளட்ச்ச ஒரு வாட்டி டைட் பண்ணாரு. அப்புறம் யாரையும் தொடவே விடல. எண்ணெய் மட்டும் போட்டுக்கினே இருப்பாரு. உங்களுக்கு உதவுமாண்ணா?" என்று பக்கத்தில் நின்ற உன் மனைவி கேட்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? "உதவும்மா" என்றேன்.

அடப்பாவி. முப்பது வருஷம்.

உனக்குத் தெரிந்த கதையை உனக்கே சொல்கிறேன். தெரியாதவன் மாதிரியே கடைசிவரை இருந்தவன் நீ, அதனால் கேட்டுத்தான் ஆகவேண்டும். நாம் இரண்டு பேரும் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் மெக்கானிக்குகள். காற்றாடி வைத்த பழைய பயிற்சி விமானங்களைப் பற்றி சீனியர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். நம் காலத்தில் கிரண் வந்துவிட்டது. மூக்கு மழுங்கிய சின்ன ஜெட். சொல்லிக்கொடுப்பவரும் கற்றுக்கொள்பவரும் அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பறப்பார்கள். "நம்மள மாதிரியே ஜோடியா ஒக்காந்துகினு போறாங்க பாரு மச்சான்" என்பாய் நீ.

ஹாங்கரில் அந்தப் பலகை ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நம்பர் பொறித்து, அதன் உருவத்தைப் பலகையில் சிவப்புப் பெயிண்டில் வரைந்து, அதன் மேலேயே அதை மாட்டி வைப்போம். ஒன்று குறைந்தாலும் சிவப்பு உருவம் பல்லைக் காட்டும். வேலை முடிந்ததும் யாராவது ஒருவன் பலகையைப் பார்த்து, எல்லாம் இருக்கிறது என்று கையெழுத்துப் போடவேண்டும். குறைந்த கருவி கிடைக்கும்வரை எந்த விமானமும் பறக்காது. விமானத்தின் வயிற்றுக்குள் மறந்து விட்ட ஒரு ஸ்பேனர், பைலட் ஸ்டிக்கைத் திருப்பும்போது அதோடு சேர்ந்து அசையும் ராடில் சிக்கினால் போதும், இரண்டு உயிர் காலி.

அன்று சாயங்காலம் கையெழுத்து என் முறை. நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். "எல்லாம் மாட்டிட்டேன் மச்சான். போட்டுட்டு கெளம்பு, உன் பஸ் போயிடும்" என்றாய். நான் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ சொன்னால் பார்த்த மாதிரிதானே என்று போட்டேன். என் தப்புதான் அது, இல்லையென்று சொல்லவில்லை.

காலையில் பலகையில் பதினேழாம் நம்பர் இடம் காலி. எல்லாக் கிரணும் தரையில். ஒவ்வொன்றாக மூடிகளைக் கழற்றினோம், சீட்டைத் தூக்கினோம், டார்ச் அடித்துப் பார்த்தோம். ஓடுபாதை ஓரப் புல்லில் வரிசையாக முட்டி போட்டுத் தேடினோம். என் பக்கத்தில் நீயும் தேடினாய். முழங்கை உரசிக்கொண்டு. புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தாய். உன் முட்டியில் ரத்தம்கூட வந்தது. உன் வீட்டில் இருக்கிற பொருளைத் தேடி உனக்கு எப்படியடா ரத்தம் வந்தது?

கிடைக்கவில்லை. விமானங்களில் ஒன்றுமில்லை என்று எழுதி ஒவ்வொன்றாகப் பறக்க விட்டார்கள். கையெழுத்து என்னுடையது என்பதால் விசாரணை என்மேல் வந்தது. 'கவனக்குறைவு' என்று என் ரெக்கார்டில் ஏறியது. விமானத்தைத் தொடாதே என்று ஸ்டோருக்கு அனுப்பினார்கள். கம்பளி எண்ணினேன், டயர் அடுக்கினேன். சர்வீஸ் முடிந்ததும் வெளியே வந்து கேளம்பாக்கத்தில் ஏசி ரிப்பேர் பார்த்தேன். நீ வாரண்ட் ஆபீசராக ரிடையர் ஆனாய். உன் பிரிவு விருந்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவன் நான்.

அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். வேலை தானே, போனால் போகிறது. ஆனால் அந்தப் பயம்? அந்த ஸ்பேனர் ஏதோ ஒரு கிரணுக்குள் கண்ணில் படாமல் கிடக்கிறது என்றுதான் நான் நம்பினேன். சேலையூருக்கு மேல் எது பறந்தாலும் மொட்டை மாடிக்கு ஓடுவேன். சத்தம் சீராகப் போய் மறையும்வரை சோறு இறங்காது. எந்தத் தாய் பெற்ற பிள்ளைகளோ என்று தொழுகையில் அவர்களுக்காகவே துஆ கேட்டிருக்கிறேன். கிரண் எங்கேயாவது விழுந்தது என்று பேப்பரில் வந்தால், அது நம் தாம்பரத்துக் கிரணா என்று தேடித் தேடிப் படிப்பேன். பெற்ற மகள் கல்யாணத்தன்றுகூட மண்டப வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் நீ. ரிடையர் ஆனபிறகு அனகாபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருவாய். கோவளம் பக்கம் போனால் மீன் வாங்கி வருவாய். என் வீட்டுக்காரி ஜரீனா டீ கொடுப்பாள். மாடியில் நான் அண்ணாந்து நிற்கும்போது தோளில் கை போட்டு, "ஒண்ணும் ஆகாது மச்சான். நான் சொல்றேன்ல" என்பாய். எத்தனை தடவை! என்ன ஆறுதலாக இருக்கும் தெரியுமா? என் சிநேகிதனுக்கு என்மேல் எவ்வளவு நம்பிக்கை என்று உருகிப்போவேன். அது நம்பிக்கை இல்லை. உனக்குத் தெரியும். ஸ்பேனர் உன் பெட்டியில் எண்ணெய் பூசிக்கொண்டு பத்திரமாக இருந்தது.

ஸ்கூட்டருக்காக எடுத்துப்போனாய், முதல் நாள் சொல்லப் பயந்தாய், சரி. பிரமோஷன் பரீட்சை, தங்கச்சி கல்யாணம், எல்லாம் இருந்தது உனக்கு. ஆனால் ரிடையர் ஆனபிறகு என்ன பயம்? மாடியில் நாம் இரண்டு பேர் மட்டும்தானே இருந்தோம்? 'எங்கிட்டதான் கீது' என்று ஒரு வார்த்தை. உன்னை அடித்திருப்பேன். ஒரு மாசம் பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம் டீ குடித்திருப்போம். அதற்குக்கூட வழி விடாமல், நான் சட்டையைப் பிடிக்க முடியாத இடத்துக்குப் போனபிறகு பெட்டியை அனுப்புகிறாய். நீ கொண்டுவந்த மீன் எல்லாம் சிநேகிதமா, பரிகாரமா என்று இனி யாரிடம் கேட்பேன்?

நேற்று ராத்திரி ஜரீனாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அந்த ஸ்பேனரை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "எவ்ளோ சின்னதா கீது" என்றாள்.

இன்று காலை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். கிரண் எல்லாம் போய்ப் புதுசு வந்துவிட்டது, அதில் ஒன்று மேலே வந்தது. நான் அண்ணாந்துவிட்டேன். ஜரீனா கையில் ஈரத் துணியோடு நின்றாள். "இன்னும் இன்னாத்துக்குப் பாக்குறீங்க? அதான் கெடச்சிடுச்சே" என்றாள்.

ஆமாம், ஸ்பேனர் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதைக் கையால் பிடித்துக்கொண்டே, சத்தம் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.