கொழுந்தின் துவர்ப்பும் உன் நெஞ்சின் டிக் டிக்கும்

மச்சான்,

இன்று காலை மலைக்குப் போன இடத்தில் கணுக்காலில் அட்டை ஏறிவிட்டது. சாதாரண அட்டையா அது? சாரைப்பாம்புக் குட்டி. பிடுங்கி எறிந்தும் ரத்தம் நிற்கவில்லை. பச்சைத் தேயிலைக் கொழுந்தைக் கசக்கி அப்பினேன். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய்.

கொழும்பில் உன் நெஞ்சைத் திறந்து இரும்பு வால்வு வைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் கடிகாரம் போல டிக் டிக் என்று கேட்கும். தேயிலை அரைக்கிற மெஷின் சத்தத்தையும் தாண்டி எனக்குக் கேட்டது என்றால் இங்கே ஒருவரும் நம்புவதில்லை. ரத்தம் உறைந்தால் வால்வு அடைத்துவிடும், ஆயுசுக்கும் குளிசை போடு என்று சொல்லி அனுப்பினார்கள். நீயோ குளிசை போடுவதோடு நிற்காமல் தேத்தண்ணியையும் விட்டாய். விடிந்ததிலிருந்து தேயிலைக்குள்ளேயே நிற்கிறவன், சுடுதண்ணீரைக் குடித்துவிட்டு முகம் செத்துத் திரிந்தாய்.

ஏன் என்று கேட்டேன். "அட்டக் கடில வச்சா ரத்தத்த நிப்பாட்டுற கொழுந்து, உள்ள போயி சும்மா இருக்குமாடா?" என்றாய். தோட்டமே தலையாட்டியது. உன்னைக் கட்டிய என் தங்கச்சி தேயிலைத் தூளையே ஒளித்து வைத்தாள்.

நான் விடுவேனா? ஆறாம் வகுப்பு வரை விஞ்ஞானத்தில் என்னை அடிக்க ஆளில்லை. குருவிட்டவில் பஸ் ஏற்றி இரத்தினபுரி கிளினிக்குக் கூட்டிப்போனேன். நான் சிங்களத்தில் கேட்ட கேள்விக்கு டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். கொழுந்தில் துவர்ப்பது பொலிபீனோல், காயத்தில் பட்டால் தோலைச் சுருக்கி ரத்தத்தைப் பிடிக்கும் என்றார். குடித்தால் ரத்தத்தை உறைய வைக்காதாம். உறைவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்றுகூடச் சிலர் சொல்கிறார்களாம். குளிசையை விடாதே, தேத்தண்ணியை ஒரே அளவாகக் குடி என்று முடித்தார். பொலிபீனோல், பொலிபீனோல் என்று நான் வாசல் வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

வெளியே கடையில் பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டியும் வாங்கினேன். ஒரு மடக்கு குடித்தாய். கிளாசை வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடினாய்.

"ஓடுதுடா" என்றாய். மிச்சத்தை ஒரே இழுப்பில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாய்.

அதற்குப் பிறகு நீ வருஷக்கணக்காகக் குடித்த தேத்தண்ணியைச் சேர்த்திருந்தால் களு கங்கை கரை புரண்டிருக்கும். போன மழைக்காலம் காய்ச்சல்தான் உன்னைக் கொண்டுபோனது. வால்வு கடைசிவரை அடைக்கவில்லை. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

கால் ரத்தம் நின்றுவிட்டது, மச்சான். பிளேன்டீ ஊற்றி வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் முதல் மடக்கு இறங்கியதும் என் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. எனக்குள் இருப்பது வெறும் சதை, டிக் டிக் கேட்காது. ஆனாலும் கொஞ்சம் காத்திருந்துதான் மிச்சத்தைக் குடிக்கிறேன்.