அச்சில் விட்ட ஒரு சாண் பாவு

பிள்ளையார்பாளையம்,
பெரிய காஞ்சிபுரம்.
ஸ்ரீமுக வருஷம், சித்திரை மாதம்.

சிரஞ்சீவி கச்சபேசனுக்கு, நீண்ட ஆயுளும் நோயில்லாத உடம்பும் அந்தக் கச்சபேசர் சுவாமி தர வேண்டுமென்று உன் அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் எல்லோரும் சௌக்கியம் என்று முதல் வரியில் எழுதிப் பழகின கை இன்றைக்கு அந்த இடத்தில் நின்றுவிட்டது. நானும் உன் தங்கை பெரியநாயகியும் சௌக்கியம். உன் அப்பாவுக்கு வருஷம் பிறந்த மூன்றாம் நாளிலிருந்து காய்ச்சல். பயப்படாதே என்று எழுத மாட்டேன், எனக்கே பயமாக இருக்கிறது. ஆனால் நடந்ததை நடந்தபடி வரிசையாக எழுதுகிறேன், நீயும் வரிசையாகப் படி. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிற கெட்ட பழக்கம் உனக்குச் சின்ன வயசிலிருந்து உண்டு, அதை இந்தக் கடிதத்தில் காட்டாதே.

முதலில் நல்ல சேதி. அதற்காகத்தானே நீ அங்கேயும் நாங்கள் இங்கேயும் இத்தனை வருஷம் வயிற்றைக் கட்டினோம். உன் அக்கா அன்னம்மாள் கல்யாணத்துக்கு முதலாளி மாணிக்கவாசக முதலியாரிடம் வாங்கின முன்பணம் முழுக்கத் தீர்ந்துவிட்டது. ரங்கூனிலிருந்து நீ அனுப்பின கடைசி மணியார்டரை வாங்கி நேராக அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன். அரிசி இல்லாத பானை, அதனால் ஒருவரும் திறக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மட்டும் சோறு, மற்ற நாளெல்லாம் இரண்டு வேளையும் கேழ்வரகுக் கூழ். விளக்கெண்ணெய் மிச்சமாகட்டும் என்று வெளிச்சம் இருக்கும்போதே குடித்துவிட்டுப் படுத்துவிடுவோம். உன் அப்பா மூக்குப்பொடி போடுவதை நிறுத்தினார். நிறுத்தினார் என்று மரியாதைக்கு எழுதுகிறேன், பொடி மட்டையைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டது நான். ஒரு வாரம் தறிக்குழியில் உட்கார்ந்துகொண்டு தும்மல் வராமல் தவித்தார், பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. பங்குனி உத்திரத்துக்கு ஊரே ஏகாம்பரநாதர் கோயிலில் கூடியிருந்தது. பெரியநாயகி கண்ணாடி வளையல் கேட்டாள், வாங்கித் தரவில்லை. தாலிக்கயிறு மாற்ற மஞ்சள் கயிறு வாங்கின காசைத் தவிர உத்திரச் செலவு என்று ஒரு தம்பிடி கிடையாது. அவள் கோபித்துக்கொண்டு என்னோடு கோயிலுக்கே வரவில்லை, வீட்டில் உட்கார்ந்து ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு அவசரம் எதற்கு, மெதுவாகத் தீர்க்கலாமே என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். அப்போது எழுதினால் நீ சாப்பிடாமல் பணம் அனுப்புவாய் என்று எழுதவில்லை. விலைவாசி விழுந்ததிலிருந்து பட்டுக் கடைகளில் சரக்கு நகரவில்லை. முதலாளி கூலியை இரண்டு தரம் குறைத்தார். பாக்கி வைத்திருக்கிறவன் வாயைத் திறக்க முடியுமா, பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தார் உன் அப்பா. தை மாதம் முதலாளி இன்னொன்று சொல்லி அனுப்பினார். வருஷம் பிறப்பதற்குள் பாக்கி தீர்க்காதவர்கள் வீட்டுத் தறியைப் பெயர்த்துக்கொண்டு அவர் புதிதாகப் போட்டிருக்கும் கொட்டகைக்கு வந்து நெய்ய வேண்டும் என்று. “வூட்ல குந்திக்கினா வேல எங்கபா நடக்குது, என் கண்ணெதிர இருந்தாதான் நடக்கும்” என்றாராம். பெரியநாயகி கை கொடுக்காமல் உன் அப்பாவால் இப்போது புடவைக் கரையில் ஒரு கொடிப் பூவும் எடுக்க முடியாது, கண் அப்படி. அவளும் கொட்டகையில் போய் ஐம்பது ஆம்பிளைகளுக்கு நடுவில் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் உட்கார வேண்டும். முசரவாக்கத்திலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள், கொட்டகைக்குப் போகிற பெண் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பாக்கி தீர்ந்தால் நெசவாளர் சங்கத்தில் நூல் வாங்கி நம் வீட்டிலேயே நெய்யலாம், கூலியும் ஒழுங்காக வரும். ஆகையால்தான் பங்குனி முடிவதற்குள் என்று கெடு வைத்துக்கொண்டோம்.

முதலாளியிடமிருந்து விடுதலை வாங்கப் பணத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது. நீ பேனா பிடித்துப் பல வருஷமாகிறது, மறந்திருப்பாய். முதலாளி கொடுத்த நூல் ஒரு இழைகூட நம் தறியில் இருக்கக் கூடாது. தெரு நாட்டாண்மைக்காரர் வந்து பார்த்துத் தறி காலி என்று வாயால் சொல்ல வேண்டும். இழை இருந்தால் அடுத்த கணக்கு வரைக்கும் நாம் அவர் ஆள்தான். உன் அப்பா கடைசிப் புடவையை எப்போதும் அறுக்கிற மாதிரியே அறுத்தெடுத்தார், அச்சுப் பல்லில் ஒரு சாண் நீளத்துக்குப் பாவின் நெடுக்கு இழைகளை அப்படியே வாலாக விட்டுவிட்டார். அடுத்த பாவை அந்த வாலில் இழைக்கு இழை முறுக்கிச் சேர்ப்பதுதானே வழக்கம். உன் தாத்தாவுக்குப் பிறகு உன் அப்பா ஏற்றின முதல் பாவிலிருந்து இந்தத் தறி ஒரு நாளும் மொட்டையாக நின்றதில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை. நம் தெருவில் தறியை மொட்டையாக அறுப்பது இரண்டு சமயத்தில்தான். தறிக்காரர் கண்ணை மூடினால் அந்த வாலை அறுத்து அவரோடு அனுப்புவார்கள். இல்லையென்றால் மகன் தறிக்கு உரியவனாகக் குழியில் இறங்குகிற நாளில் பழையதைத் தன் கையால் அறுத்துவிட்டுப் புதுப்பாவு ஏற்றுவான். இதற்கு முன் விடுதலை வாங்கின இரண்டொரு வீட்டிலும் மகன்தான் அறுத்தான். நம் வீட்டு மகன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். முதலாளி வருவதற்கு முந்தின நாளே உன் அப்பாவிடம் அந்த நூலை எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். “எடுக்கறேன் இரு, எங்க ஓடிப்போவுது” என்று குளிக்கப் போய்விட்டார். மறுபடி கேட்டதற்கு என் முகத்தைப் பார்க்கவில்லை.

பங்குனிக் கடைசி நாள் சாயங்காலம் முதலாளியும் நாட்டாண்மைக்காரரும் வந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பணத்தை வைத்தோம், எண்ணி எடுத்துக்கொண்டார். புடவையைத் தராசில் வைத்து நிறுத்தார், ஒரு குறையும் இல்லை. அப்புறம் நாட்டாண்மைக்காரர் தறியைப் பார்க்க உள்ளே குனிந்தார். அரக்கு நூல் அச்சில் தொங்குவது வாசலில் நிற்பவர்களுக்கே தெரிந்தது. முதலாளிக்குக் கோபமே வரவில்லை, சிரித்தார். “நம்ம நூலு தொங்குதேபா, அப்போ நீ நம்ம ஆளுதான். நாளைக்கு நல்ல நாளு, தறிய பேத்துக்கினு வந்துடு” என்றார். நாட்டாண்மைக்காரர் நல்ல மனுஷர், அவருக்கு மனசு கேட்கவில்லை. “அறுத்துடுபா, பொழுது இன்னும் இருக்குது, நானு குந்திக்கினு இருக்கறேன்” என்று சங்கடத்தோடு சொன்னார். உன் அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு குழியில் இறங்கினார். பாவின் மேல் கையை வைத்தார். வைத்தது வைத்தபடி இருந்தது. தன் அப்பா போன அன்றைக்கு அதே தறியில் வாலை அறுத்து அவரோடு அனுப்பினவர், அதெல்லாம் அப்போது கண்ணில் வந்திருக்கும். “என் கையால முடியாதுங்க” என்றார். முதலாளி மேல் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார். எனக்குப் பெரியநாயகி முகம் தெரிந்தது. நான் அடுப்படியிலிருந்து வந்து அவர் கையிலிருந்த கத்தியை வாங்கி அறுத்தேன்.

ஒரு இழுப்பில் வரவில்லை. பட்டு நூல், கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று தரம் இழுக்க வேண்டியிருந்தது. யாரும் தடுக்கவில்லை. விழுதிலும் அச்சிலும் இருந்ததையெல்லாம் உருவி, சுருட்டித் தாம்பாளத்தில் வைத்து முதலாளி முன்னால் நீட்டினேன். நாட்டாண்மைக்காரர் தறி காலி என்று சொன்னார். முதலாளி அந்த நூலை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, நல்லா இரும்மா என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

அன்றைக்குக் குழியிலிருந்து ஏறின உன் அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்தார், என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வருஷப் பிறப்புக்கு வேப்பம்பூப் பச்சடி செய்து வைத்தேன், தொடவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது, இன்னும் இறங்கவில்லை. வைத்தியர் கஷாயம் கொடுக்கிறார், பெரியநாயகி கொடுத்தால் குடிக்கிறார், நான் கொடுத்தால் வாயை மூடிக்கொள்கிறார். எதிர்வீட்டு ஜெயம்மாள் கிணற்றடியில் எனக்குக் கேட்கிற மாதிரியே, “புருஷன் உசுரோட இருக்கும்போதே பாவ அறுத்துட்டு, கழுத்துல மஞ்ச கயிறு வச்சிக்கினு இருக்கறா பாரு” என்றாள். இதே காய்ச்சல் தெருவில் இன்னும் நாலு வீட்டில் இருக்குது, அங்கெல்லாம் எந்தப் பொம்பளை கத்தி எடுத்தாள் என்று நான் திருப்பிக் கேட்டேன். பகலில் அப்படித் தைரியமாகக் கேட்டுவிடுகிறேன். விளக்கை அணைத்த பிறகு கழுத்தில் கயிறு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன் கச்சபேசா.

சங்கத்து நூல் வந்துவிட்டது, மூலையில் துணி சுற்றி வைத்திருக்கிறோம். வால் இல்லாத தறியில் ஒவ்வொரு இழையாகப் புதிதாகக் கோக்க வேண்டும், அது உன் அப்பா கைக்குத்தான் வரும். அவர் எழுந்திருக்காமல் கூலி இல்லை. வைத்தியருக்குக் கொடுக்கப் பித்தளை அண்டாவை விற்றேன், கடன் வாங்கவில்லை. முதலாளி வீட்டு ஆள் ஒருவன் வந்து வைத்தியச் செலவுக்கு ஏதாவது வேண்டுமா, முதலாளி கேட்டுவரச் சொன்னார் என்றான். நான் வாயைத் திறப்பதற்கு முன் பெரியநாயகி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது, உன் அப்பா அப்போது குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது உன்னிடம் கேட்பதைக் கவனமாகப் படி. அறுக்கச் சொன்னது நீதான் என்று உன் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். தறி இனி உன்னுடையது, உனக்காகப் பழைய பாவை அறுத்து வைக்கும்படி நீ எனக்கு எழுதியிருந்தாய், உன் கைக்குப் பதிலாக என் கை செய்தது, அவ்வளவுதான். அப்படியென்றால் அது சாவுக்கு அறுத்த தறி ஆகாது, மகன் இறங்குவதற்கு அறுத்த தறி ஆகும். பொய்தான், எனக்குத் தெரியாதா. உன்னை இந்தக் குழியில் இறக்கக் கூடாது என்று எழுத்துப் படிக்க வைத்து ரங்கூனுக்கு அனுப்பினவளே நான்தான். நீ வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம், வருவதும் வராததும் உன் இஷ்டம். ஆனால் நீ சொன்னதாக அவர் நம்பினால் எழுந்து உட்காருவார். எழுந்து உட்கார்ந்தால் அப்புறம் என்னோடு சண்டை போடட்டும், வருஷம் முழுக்கப் போடட்டும்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். மில்லில் உன் சம்பளத்தையும் குறைத்திருப்பதாக எழுதியிருந்தாய், அதற்காக மத்தியானச் சாப்பாட்டை விடாதே. கூட இருக்கிறவர்களுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடாதே, எத்தனை நல்லவனாக இருந்தாலும் போடாதே. கைமாற்று கேட்டால் இல்லை என்று சொல்லக் கூச்சப்படாதே. ராத்திரியில் தனியாகத் தெருவில் நடக்காதே, அங்கே கலகம் முழுசாக அடங்கவில்லை என்று சொல்கிறார்கள். பெரியநாயகி உனக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னாள். அவளுக்கு வளையல் வாங்கிக் கொடுத்துவிட்டேன், தாமதமாகத்தான், அவள் சந்தோஷப்படவும் இல்லை. காமாட்சி அம்மன் உன்னைக் கண்ணில் வைத்துக் காக்கட்டும், குறைவில்லாமல் நன்றாக இரு.

மறக்காமல் ஒன்று. இந்த மாதம் பணம் அனுப்பாதே, நாம் இப்போது யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. கப்பலில் கடிதம் வருகிற வரைக்கும் என்னால் காத்திருக்க முடியாது, ஆகையால் அந்தப் பணத்தில் அப்பா பேருக்குத் தந்தி கொடு. இங்கிலீஷில் வந்தாலும் பள்ளிக்கூடத்து வாத்தியாரை அழைத்து அவர் காதருகில் படிக்கச் சொல்கிறேன். வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு வாங்குவார்களாம். இத்தனை நாள் உனக்குச் சிக்கனம் சொன்னவள் சொல்கிறேன், அதில் மிச்சம் பிடிக்காதே. அறுக்கச் சொன்னது நான்தான் என்பதோடு, அப்பா என்கிற வார்த்தையையும் சேர்த்துக் கொடு.

இப்படிக்கு,
உன் தந்திக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா,
தில்லையம்மாள்.