ஆற்றில் விட்ட பழைய கணினியைக் குறித்து

நீர் நிறைக, நிலம் விளைக. தென்கழி நாடுடைய நக்கங்கோதை நாச்சியார் திருமுன்பு, வேங்கைமலைப் பேரரசின் தலைமை அமைச்சன் கூத்தன் அதியரையன் தலை தாழ்ந்து விடுக்கும் ஓலை. தங்கள் குடிகள் நலமோ என்று கேட்பதே முறை; நாற்பது ஊர் நெல்லை அழுகவிட்ட எனக்கு அதைக் கேட்க வாய் கூசுகிறது.

மேலணை மதகுகளைத் திறந்து மூடும் கணினி பழையதாகிவிட்டதால், அதன் இயங்குதளத்தையும் நிரல்களையும் வேறு இனச் செயலிச் சிப்புக் கொண்ட புதுக் கணினிக்குப் பெயர்க்குமாறு மன்னர் பணித்தார். ஏடுகளைப் படியெடுக்கும் ஓலைச்சாலையில் வளர்ந்தவன் நான். ஏடு பெயர்ப்பது போலத்தான் இதுவும் என்று எண்ணினேன். மதகு நிரலின் பெயரும் அளவும் இரண்டிலும் ஒன்றாயிருக்கக் கண்டு, ஒப்புநோக்கியாயிற்று என்று கையொப்பமிட்டேன். படியெடுத்த பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவது எங்கள் வழக்கம். பழைய கணினியையும் மேளதாளத்தோடு விட்டேன்.

இயங்குதளக் காவல் பூண்டிருந்த சேந்தி, தங்கள் நாட்டுப் பெண், அன்று படித்துறையில் என்னை மறித்தாள். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: "ஐயா, மதகு நிரல் பழைய சிப்பு பேசுற பாஷையில இருக்கு. புதுசுக்கு அது புரியாது. ஒருதரம் மதகைத் திறந்து பாத்துட்டு அப்புறம் விடுங்க." நல்ல நேரம் தவறுகிறது என்று அவளை விலகச் சொன்னேன்.

ஐப்பசி மழையில் அணை நிரம்பியது. புதுச் சிப்புக்கென ஆக்கிய மற்ற நிரல்களெல்லாம் ஓடின; மதகு நிரல் அசையவில்லை. பழையதை மீண்டும் பொருத்தலாமென்றால் அது ஆற்றடியில் கிடந்தது. ஆட்கள் சங்கிலி இழுத்துத் திறப்பதற்குள் கரை உடைந்து தங்கள் வயல்கள் மூழ்கின.

அப்போதாவது உண்மை சொன்னேனா? நிரலைக் கெடுத்தவள் சேந்தி என்று தங்களுக்கு ஓலை விடுத்தேன், பாவி. என் முத்திரையை நம்பி, ஊர் திரும்பியிருந்த அவளைச் சிறையிலிட்டீர்கள். வரும் பௌர்ணமியில் நாடு கடத்தப்படுவாள் என்று தூதன் வந்து சொன்னான். நேற்று மன்னரிடம் எல்லாம் சொல்லிப் பட்டத்தைக் கழற்றி வைத்தேன். இந்த ஓர் ஓலைக்கு மட்டும் முத்திரையிட இசைவு பெற்றேன்.

ஆகவே மன்னர் ஆணை: இதைக் கண்ட கணமே சேந்தியை விடுவித்து, முன்னோலையைப் படித்த அதே அவையில் இதையும் உரக்கப் படிக்கச் செய்க. மதகு நிரலைப் புதுச் சிப்புக்கு ஆக்கித் தருவாயா என்று அவளைக் கேட்டருள்க; கட்டளையிடற்க. மறுத்தால் வற்புறுத்தற்க.

பொய்க்கு இட்ட அதே முத்திரையை மெய்க்கும் இட்டேன். அவள் இருந்த சிறையறையைப் பூட்ட வேண்டாம். ஓலை கொண்டுவந்தவன் தூதன் அல்லன். நான்தான் வாசலில் நிற்கிறேன்.