அட்டுவம்பட்டியில் மழை பிடித்தால்

நவ. 3, திங்கள்

காலையில் தூறல். பிறகு சுள்ளென்று வெயில். அணை நிரம்பிவிட்டதாம். இனி மலையில் பெய்வதெல்லாம் நம் ஆற்றுக்குத்தான். வேலைகள்: தோப்பு மோட்டாருக்குப் புதுக் கயிறு, மாட்டுக்குத் தவிடு, கேஸ் புக் பண்ண.

மதியம் போனில் கல்யாணப் பத்திரிகை. அட்டுவம்பட்டி அண்ணன் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். கூடப் பிறந்தவளுக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை! வெற்றிலை பாக்கு இல்லை, வாசல் மிதிக்கவில்லை. எல்லாம் மதினி வேலையாக இருக்கும். இவருக்குச் சிரிப்பு வேறு. "மழைக்காலம் புள்ள, மலையிலருந்து எறங்கி வர வேணாமா?"

அண்ணன் நம்பரை பிளாக் செய்தேன். மனசு கொஞ்சம் ஆறியது.

நவ. 5, புதன்

நல்ல வெயில். மாடியில் வடகம் காயப்போட்டேன். இவர் வாழைத்தார் வெட்ட அக்கரைக்கு. போனை சைலண்டில் வைத்து சார்ஜில் போட்டுவிட்டுப் போய்விட்டார், வழக்கம்போல.

சமையல் நடுவே மதினி நம்பர். எடுக்கவில்லை. மறுபடி. கட் செய்தேன். திரும்பவும் அடிக்க, நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று எடுத்தேன்.

"போன வச்சிராத செல்வி. விடிஞ்சதுலருந்து இங்க கொட்டுது. ஒங்க அண்ணன் கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்துட்டாங்க, ஒனக்குப் போவலங்கிறாங்க. ஆத்துப் பக்கம் யாரு இருக்கா?"

வருஷா வருஷம் இதுதான் வழக்கம். மேலே அண்ணன் வீட்டுப் பின்னால் ஓடை சிவந்தால் அண்ணன் கூப்பிடுவார். கீழே நாங்கள் மோட்டாரை மேட்டில் ஏற்றுவோம், அக்கரை ஆளைத் திரும்பக் கூப்பிடுவோம். அண்ணனை பிளாக் செய்தபோது ஆற்றையும் சேர்த்துச் செய்கிறேன் என்பது மண்டையில் ஏறவே இல்லை.

அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன். தரைப்பாலத்தின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர், செக்கச் செவேலென்று.

"ஏங்க! போட்டுட்டு வாங்க!"

"இன்னும் நாலு தாருதான் கெடக்கு!"

"தாரும் வேணாம் ஒண்ணும் வேணாம், வெரசா வாங்க!"

ஒரு தாரைத் தோளில் வைத்துக்கொண்டுதான் வந்தார், மகராசன். நடுப்பாலத்தில் முழங்கால் வரை. இந்தக் கரை ஏறி மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தால் பாலமே தெரியவில்லை. மோட்டார் போச்சு. நான் ஓடிய பிறகு தெருவில் மைக் வண்டி வந்து வெள்ளம் என்று சொன்னதாம். தோப்புக்கு அது எங்கே கேட்கும்.

சாயங்காலம் பிளாக் செய்த விஷயத்தை இவரிடம் சொன்னேன். ஈரத் துண்டைக் கொடியில் போட்டார். பிறகு, "வடகத்த எடுத்தாச்சா?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

நவ. 7, வெள்ளி

பிளாக் எடுத்தாச்சு. தண்ணீர் வடிகிறது. மோட்டார் சேற்றுக்குள் கிடைத்தது, ஒர்க்ஷாப்பில் காயில் கட்டக் கொடுத்திருக்கிறது. குழம்புச் சட்டி தீய்ந்தது தீய்ந்ததுதான், தேய்த்தும் போகவில்லை.

மதினிக்குப் போன் போட்டேன். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. கல்யாணச் சேலை என்ன கலர் என்று கேட்டேன்.

"அரக்கு. வந்து பாரு. பழனி ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு, இல்லன்னா நேர்ல வந்திருப்போம்."

"அத அன்னைக்கே சொல்லக் கூடாதா மதினி?"

"பத்திரிகை அனுப்புன கையோட ஒங்க அண்ணன் கூப்புட்டாங்களே. போகல."



நவ. 9, ஞாயிறு, அட்டுவம்பட்டி

வத்தலக்குண்டு சுற்றி நேற்றே வந்துவிட்டேன். இடுப்பு விட்டுப்போச்சு. இவர் வரவில்லை, ஆற்றுக்கு ஒரு ஆள் வேண்டும். குளிர். பெண் அழகாக இருந்தாள். அரக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது, மதினி கெட்டிக்காரிதான்.

தாலி கட்டி முடிந்ததும் மண்டபத் தகரத்தில் சடசடவென்று பிடித்தது. மேடையில் நின்றிருந்த அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். கையில் அட்சதை. மறு கையால் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, அழுத்தி, காதில் வைத்துக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற என் பைக்குள் போன் அடித்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எடுத்தேன்.

"செல்வி, இங்க புடிச்சிருச்சு," என்றார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, போனில்.

உடனே இவருக்குப் போட்டேன். வீட்டில்தான் இருக்கிறாராம். என்ன பாயசம் என்று கேட்டார்.