ஹாரனைக் குறை சொன்ன ஞாயிறு

இன்று காலை பேக்கரி வாசலில் கிளட்ச் கருகும் வாடை அடித்தது. பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் தன் சிவப்பு ரெண்டு சீட்டு வண்டியை முக்கி முனகி மேட்டில் ஏற்றி வந்து நிறுத்தினார். டீயைக் கீழே வைத்துவிட்டு நேராக அவரிடம் போனேன். "ஏனுங்க, இடது காலு மரத்துப் போகுதுங்களா? டாக்டரைப் பாத்தீங்களா?"

"காலு நல்லாத்தானுங்க இருக்குது. கிளட்ச் மேலயே கால வெச்சு ஓட்டறது என்னோட கெட்ட பழக்கமுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நம் கார் கிளப்பில் இப்போது எனக்கு டாக்டர் என்று பெயர். கூடச் சேர்ந்து சிரிக்க எனக்குத் தெம்பில்லை.

நீங்கள் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பீர்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கி, அவற்றின் குடலை உருவி வேறு குடல் வைக்கும் பைத்தியங்கள் பன்னிரண்டு பேரை ஒன்றுசேர்த்ததே நீங்கள்தானே. சாவி மாற்றும் வழக்கமும் உங்களுடையது. மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லாச் சாவியும் தாம்பாளத்தில் விழும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, அந்த வண்டியைச் சோமனூர் பிரிவு வரை ஓட்டிப்போய்த் திரும்ப வேண்டும். வந்ததும் ஒரு குறையாவது சொல்லித்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். "நல்லாருக்குதுன்னு சொல்ல ஊட்டுல ஆளிருக்குதுங்க. நாம கொறை சொல்லத்தான் கூடறோம்" என்பீர்கள். என் வண்டியின் பிரேக்கைக் குறை சொன்னதற்காக உங்களோடு ரெண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். பிறகு கழற்றிப் பார்த்தால் நீங்கள் சொன்னதுதான் சரி.

அப்படியொரு ஞாயிறு உங்கள் பச்சை வண்டியின் சாவி என் கைக்கு வந்தது. பெரிய எஞ்சினைத் திணித்த நாளிலிருந்து அதன் கிளட்ச் இறுக்கத்துக்குக் கிளப்பில் பேர்போனது. ஓட்டப் போனவர்கள் நொண்டிக்கொண்டுதான் இறங்குவார்கள். அன்று என் இடது காலுக்கடியில் கிளட்ச் பெடல் பஞ்சாக இறங்கியது. ஓரம்கட்டிக் குனிந்து பார்த்தேன். பெடல் தண்டை நீளமாக்கி, மிதிப்பதற்கு உதவியாக ஒரு ஸ்பிரிங்கும் மாட்டியிருந்தீர்கள். வேலை படு சுத்தம். ஆனால் நாமெல்லாம் ஒரு போல்ட்டை மாற்றினாலும் மூன்று டீக்குப் பேசுகிறவர்கள். இதைப்பற்றி நீங்கள் மூச்சு விடவில்லை. வேகத்துக்காக இல்லாமல் நீங்கள் செய்த ஒரே மாற்றம் அது. கொஞ்ச நாளாகப் படியேறும்போது இடது காலை நீங்கள் இழுத்து வைத்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

திரும்பி வந்து சாவியை நீட்டினேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"ஹாரன் சத்தம் பத்தலீங்க" என்றேன்.

நீங்கள் சாவியை வாங்காமல் என்னையே பார்த்தீர்கள். "அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க."

"செரி, மாத்திப்போடலாம்" என்று வாங்கிக்கொண்டீர்கள்.

உங்கள் மானத்தைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன். தனியாகவாவது கேட்டிருக்கலாம், மறுநாளாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரி வராந்தாவில், தலைக்குள் கட்டி என்றும், கால் இழுக்க ஆரம்பித்தபோதே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றும் டாக்டர் உங்கள் வீட்டம்மாவிடம் சொன்னார். வீட்டம்மா என் பக்கம் திரும்பினார். "எங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலீங்கண்ணா. உங்ககிட்டயாச்சும் சொன்னாருங்களா?"

"இல்லீங்க அம்மணி" என்றேன். அது பொய்யில்லை. நீங்கள் சொல்லவில்லை, எனக்குத் தெரியும், அவ்வளவுதான். அன்றைக்கு வந்த அசதி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு யார் சாவி கிடைத்தாலும் வண்டியை விட்டுவிட்டு ஓட்டுகிற ஆளைத்தான் பார்க்கிறேன். கண்ணாடியைப் பெரிதாக்கினால் பார்வையைப் பற்றிக் கேட்கிறேன். சீட்டுக்கு மெத்தை போட்டால் முதுகைப் பற்றிக் கேட்கிறேன். இதுவரை ஒரு நோயாளிகூட அகப்படவில்லை. தங்கள் சாவி என்னிடம் வரக்கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் தாம்பாளத்தில் போடுகிறார்கள். எனக்கும் அலுத்துவிட்டது. கேட்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

வண்டி ஓடாமல் கிடக்கக் கூடாதென்று உங்கள் வீட்டம்மா கொடுத்துவிட்டதால், உங்கள் சாவியும் தாம்பாளத்தில்தான் விழுகிறது. இன்று அது எனக்கு வந்தது. நீங்கள் போன பிறகு இதுதான் முதல் முறை. பெடல் அப்படியே பஞ்சாக இறங்கியது. ஹாரன் மட்டும் புதிது. நான் சொன்ன குறையைக் கேட்டு மாற்றியிருக்கிறீர்கள். சோமனூர் பிரிவில் நிறுத்தி ஒருமுறை அடித்துப் பார்த்தேன். நல்ல சத்தம். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

திரும்பி வந்தபோது எல்லோரும் குறை சொல்லிச் சாவியைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். உங்கள் சாவியை வாங்கத்தான் ஆளில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இதை எழுதும்போது மேசைமேல் இருக்கிறது. குறை சொல்லாமல் கொடுக்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். சொல்லிவிடுகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

"கிளட்ச் ரொம்ப லேசா இருக்குதுங்க. ஏனுங்க, காலுக்கு என்னங்க ஆச்சு?"